சொல்லிவிட்டு நிற்பது

எங்கள் வைத்தியசாலை புதிய கட்டடத்துக்கு மாறுகிறது. அதையொட்டி ஒரு மலர் வெளியிடுகிறார்கள். ஓய்வுபெற்ற ஊழியர்கள் தங்கள் அனுபவங்களை எழுதுவதற்கு அதில் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். மலர்க் குழுவில் இருந்த தர்சி, "அக்கா, நீங்களும் அதிலை எழுதவேணும்" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு முப்பத்தொரு வயது. என் மகளுக்கு நான்கு.

"நான் ஓய்வுபெறேல்லையடி. பிள்ளை பிறந்ததாலை வேலையாலை நிண்டனான்."

"வேலையை விட்டுப் போன ஆக்களுக்கு ரெண்டு பகுதிதான் இருக்கு அக்கா. ஒண்டு ஓய்வுபெற்றோர். மற்றது அஞ்சலி. எதிலை போட?"

"பரீட்சை முடியட்டும். நான் எடுபட்டால் என்னை ரெண்டிலையும் போட ஏலாது."

அப்படிச் சொல்லித் தள்ளிப்போட்டேன். தாதியர் பயிற்சிப் பாடசாலை ஒன்றின் நுழைவுப் பரீட்சைக்கு அப்போது நானும் தர்சியும் ஒன்றாகப் படித்துக்கொண்டிருந்தோம். நான் முன்பு வேலை பார்த்த அதே சத்திரசிகிச்சை விடுதியில் அவள் உதவியாளராக இருந்தாள். என்னைவிட நன்றாக இளையவள். இந்த முறை தவறினால் அடுத்த முறை எழுதலாம். எனக்கு அடுத்த முறை இல்லை. அடுத்த வருடம் வயதெல்லை தாண்டிவிடும்.

இப்போது அதெல்லாம் முடிந்துவிட்டது. மலரும் அச்சுக்குப் போகிற கட்டத்தில் இருக்கிறது. எதை எழுதலாம், எதை விடலாம் என்று யோசித்து யோசித்து இரண்டு தரம் கிழித்துவிட்டு மூன்றாவது தரம் எழுதுகிறேன். பிழை இருந்தால் மலர்க் குழு திருத்திக்கொள்ளட்டும்.

நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்தவள். பௌதிகவியல் காலை வாரிவிட்டது. அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு என் புள்ளிகள் காணாது என்று தெரிந்ததும், ஆஸ்பத்திரி வாசம் பிடித்தாலாவது போதும் என்ற எண்ணத்தில் உதவியாளர் வேலைக்குப் போனேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சில நாட்கள் ஒருவருக்குப் பின்னால் நடந்தேன். பிறகு எனக்குப் பின்னால் ஒருவர் நடந்தார்.

உண்மையில் எனக்கு வேலை பழக்கியவர் விடுதிப் பொறுப்பாக இருந்த கிரேஸ் சிஸ்டர். மெலிந்த, உயரமான மனுசி. மிஷன் பாடசாலையில் படித்தவர். அவருக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துகொண்டே போகும். அவர் சத்தமாகக் கதைக்கிற நாட்களில்தான் நாங்கள் நிம்மதியாக இருப்போம். எங்கள் எல்லோரையும் 'நீர்' என்றுதான் அழைப்பார். அந்த 'நீர்' அருகிலும் விடாது, தூரத்திலும் தள்ளாது.

எழும்ப முடியாத நோயாளியைக் கட்டிலில் வைத்தே உடம்பு துடைப்பதை அவர் ஒருநாள் எனக்குக் காட்டித் தந்தார். அது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. முதலில் முழங்கையைத் தண்ணீருக்குள் வைத்துச் சூடு பார்க்க வேண்டும். வேலை செய்து மரத்த உள்ளங்கையை நம்பக்கூடாது. ஆளை முழுவதும் போர்த்திவிட்டு, துடைக்கிற பகுதியை மட்டும் வெளியில் எடுக்க வேண்டும். முகத்துக்குச் சவர்க்காரம் கூடாது. கண்ணை மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கமாகத் துடைக்க வேண்டும். மற்றக் கண்ணுக்குத் துணியின் மற்ற மூலை. கையை மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி நீளமாகத் துடைக்க வேண்டும். முதுகுக்கு வரும்போது தண்ணீரை மாற்ற வேண்டும். முதுகைத் திருப்பினால் இடுப்பு எலும்பு, குதிக்கால், தோள் எல்லாம் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லாம் முடித்துவிட்டு வந்தால் ஒரு கேள்வி கேட்பார்.

"துடைச்சனீரோ, பாத்தனீரோ?"

"துடைச்சனான் சிஸ்டர்."

"அப்ப திரும்பப் போம்."

துடைப்பது ஒரு சாட்டு, பார்ப்பதுதான் வேலை என்று எனக்கு விளங்கக் கொஞ்சக் காலம் பிடித்தது.

உதவியாளர் மருந்தைத் தொடக்கூடாது. சேலைனைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஒட்சிசனைத் திருகக்கூடாது. அது சட்டம். சரியான சட்டமும்தான். அதனால் சிஸ்டர் எங்களுக்கு வைத்திருந்த விதி சுருக்கமானது. "பாரும். வந்து சொல்லும். திரும்பப் போய் அவரோடை நில்லும்." பலர் மூன்றாவதை மறந்துவிடுவார்கள். சொன்னவுடன் தங்கள் கடமை முடிந்தது என்று தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். சிஸ்டருக்குப் பிடிக்காதது அதுதான். "ஆரும் வருமட்டும் அந்த ஆள் தனிய இருக்கக் கூடாது. நீர் அங்கை ஒண்டும் செய்யத் தேவையில்லை. நில்லும். அது போதும்."

நின்றதில் ஒரு தடவையை மட்டும் சொல்கிறேன்.

மயிலிட்டியில் கடலுக்குப் போகிற ஒருவர் குடலில் சத்திரசிகிச்சை முடிந்து எங்கள் விடுதியில் இருந்தார். யோசேப்பு ஐயா என்று வைத்துக்கொள்வோம். பகிடி விடுகிற மனிதர். முதல் நாள் நான் உடம்பு துடைக்கும்போது, "பிள்ளை, இது உப்பு ஊறின தோல். சவர்க்காரம் வீண்" என்றார். அடுத்த நாள் காலை அவர் பகிடி ஒன்றும் விடவில்லை. கையைத் துடைத்தேன்; குளிர்ந்திருந்தது. நெற்றியைத் துடைத்தேன், துடைத்த இடத்திலேயே வேர்வை மறுபடி துளிர்த்தது. சிறுநீர்ப் பையில் எதிர்பார்த்த அளவு இல்லை.

"யன்னலைத் திற பிள்ளை. காத்தில்லை."

யன்னல் திறந்துதான் இருந்தது. அதைச் சொன்னேன். தலையாட்டினார். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "யன்னலைத் திற பிள்ளை" என்றார்.

ஓடிப் போனேன். தாதி ஒருவர் நோயாளியை ஒப்படைக்கச் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குப் போயிருந்தார். கிரேஸ் சிஸ்டர் திரைக்குப் பின்னால் டொக்டரோடு இன்னொரு நோயாளியின் காயத்தில் கை வைத்திருந்தார். நான் திரைக்கு வெளியே நின்று சொன்னேன்: "சிஸ்டர், ஏழாம் கட்டில். வேர்க்குது. கை குளிருது. யன்னலைத் திறக்கச் சொல்லித் திருப்பித் திருப்பிக் கேக்கிறார். யன்னல் திறந்துதான் கிடக்கு."

"கேட்டிட்டன். போய் நில்லும்."

போய் நின்றேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாடி மெலிந்து, வேகமாக ஓடுவது விரலுக்குத் தெரிந்தது. அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் செய்ய எனக்கு உரிமை இல்லை. சொல்லி முடித்ததற்கும் சிஸ்டர் வந்து சேர்ந்ததற்கும் இடையில் இருந்த அந்த நேரம் நீண்டதா, குறுகியதா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. யோசேப்பு ஐயா யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிஸ்டர் வந்தார். ஒரு பார்வை. ஒரு கை நாடியில். மற்றக் கையால் கட்டிலின் தலைப் பக்கத்தைத் தாழ்த்தினார். சேலைனை முழுதாகத் திறந்தார். ஒட்சிசனை வைத்தார். குரல் கேட்கவே கேட்காத அளவுக்குத் தாழ்த்தி, "டொக்டரை வரச் சொல்லும். தியேட்டரைத் தயாரா வைக்கச் சொல்லும்" என்றார். நான் பார்த்த அதே வேர்வையைத்தான் அவரும் பார்த்தார். எனக்கு அது பயமாக இருந்தது. அவருக்கு அது வேலையாக இருந்தது.

உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது. மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டார். வீட்டுக்குப் போகிற அன்று மனைவியிடம் என்னைக் காட்டி, "உவதான் என்ரை கையை நொறுக்கினவ. வலை இழுத்தும் இப்பிடி நொந்ததில்லை" என்றார். விடுதி முழுக்கச் சிரித்தது.

சிஸ்டர் அன்று ட்ரொலியைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து சொன்னார்: "யன்னல் திறந்து கிடக்கெண்டு சொன்னீர் பாரும், அதாலைதான் நான் அந்தக் காயத்தை டொக்டரட்டை விட்டிட்டு வந்தனான். நீர் தாதியா வரவேணும் பிள்ளை."

அவருக்கு அது அன்றைக்குச் சொன்ன ஒரு வார்த்தையாக இருந்திருக்கும். நான் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். கலியாணமாகி நீர்வேலிக்கு வந்தபோதும் கூடவே கொண்டுவந்தேன். மகள் ஆதிரைக்குப் பிறந்ததிலிருந்து இழுப்பு. அடிக்கடி நெஞ்சு இரையும். அவளை விட்டுவிட்டு வேலைக்குப் போக மனம் வரவில்லை, நின்றுவிட்டேன். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. அதனால் யாரிலும் குறை சொல்லவும் முடியாது.

நின்ற பிறகுதான் விடுதி எனக்குள் வரத் தொடங்கியது. காலையில் கிருமிநாசினி வாசமில்லாத தரை. ட்ரொலிச் சில்லின் சத்தமில்லாத வீடு. படுக்கை விரிப்பின் மூலைகளை ஆஸ்பத்திரி முறையில் மடித்து இறுக்கிச் செருகிவிடுவேன். கணவரின் தாயார், என் மாமி, இரவில் காலை நீட்ட முடியாமல், "உது என்ன படுக்கையோ, பார்சலோ?" என்று இழுத்து விடுவார். சந்தையில் யாராவது வெளிறிய முகத்தோடு நின்றால் என் கை தன்பாட்டில் அவருடைய மணிக்கட்டைத் தேடும். அடக்கிக்கொள்வேன். முன்பு இருந்த வேலைக்காக மட்டும் நான் ஏங்கவில்லை. யோசேப்பு ஐயாவின் கட்டிலடிக்கு அன்று சிஸ்டரின் இடத்தில் வந்தது நானாக இருந்திருந்தால் என்ற நினைப்புத்தான் என்னை விடவில்லை.

அப்போதுதான் தர்சி அந்த அறிவித்தலை வாட்ஸப்பில் அனுப்பினாள். பயிற்சிப் பாடசாலை தானே எழுத்துப் பரீட்சையும் நேர்முகமும் வைத்துப் பிள்ளைகளை எடுக்கப்போகிறது. கலியாணமானவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆதிரைக்கும் இழுப்புக் குறைந்து, பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

மாமி, "இனியோ?" என்றார். என் கணவர் வாழைக்குலையை ஓலையால் சுற்றிக்கொண்டே, "எழுதிப் பாரன்" என்றார். எனக்கு அந்த 'எழுதிப் பாரன்' போதுமானதாக இருந்தது.

தர்சி காலை வேலை முடிந்ததும் ஸ்கூட்டியில் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். விஞ்ஞானம், ஆங்கிலம், பொது அறிவு, பிறகு 'நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்ற வகைக் கேள்விகள். விஞ்ஞானம் எனக்கு மறந்திருந்தது. எலும்புகளின் பெயரை வாழைத் தோட்டத்தில் நடந்து நடந்து பாடமாக்கினேன். கணவர் கேள்வி கேட்பார்.

"இதயத்துக்கு எத்தினை அறை?"

"நாலு."

"எங்கடை வீட்டைவிடக் கூட."

ஆதிரையும் சேர்ந்துகொண்டாள். அவளுடைய பொம்மைக்குத் தினமும் ஒரு வருத்தம். நானும் தர்சியும் மேசையில் இருக்கும்போது கைகளைக் கட்டிக்கொண்டு வந்து நின்று, "சிஸ்டர், பொம்மைக்கு வயித்துக்குத்து" என்பாள். தர்சியைத்தான் அவள் சிஸ்டர் என்பாள். என்னை அம்மா என்பாள்.

பழைய வினாத்தாள் ஒன்றை முதன்முதலாகச் செய்து பார்த்த அன்று தர்சி என் விடைகளைத் திருத்திக்கொண்டு வந்தவள், இடையில் பேனையை வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

"என்னடி?"

"அக்கா, நோயாளி கட்டிலாலை இறங்கேக்கை மயங்கி விழப்போறார். முதல் என்ன செய்வீங்கள் எண்டு கேட்டிருக்கு. நீங்கள் என்ன போட்டிருக்கிறீங்கள்?"

"பொறுப்பானவருக்கு அறிவிப்பேன்."

"நீங்கள் போய் அறிவிச்சிட்டு வரேக்கை அவர் நிலத்திலை கிடப்பார். அடுத்தது, மூக்காலை இரத்தம் வருது."

"பொறுப்பானவருக்கு..."

"பால் குடிச்ச குழந்தைக்குப் புரையேறுது."

அதற்கும் அதைத்தான் போட்டிருந்தேன். என் சொந்தப் பிள்ளைக்குப் புரையேறினபோது குப்புறத் தாங்கி முதுகில் தட்டியவள் நான். ஆனால் தாளைக் கண்டதும் என் கை விடுதிக்குப் போய்விட்டது. கேள்வியில் 'நோயாளி' என்று இருந்தால், நான் உதவியாளராகிவிடுவேன். பார்ப்பேன், சொல்லுவேன், நிற்பேன்.

"இது தாதிக்கு வைக்கிற சோதினை அக்கா" என்றாள் தர்சி, இப்போது சிரிக்காமல். "இதிலை நீங்கள்தான் பொறுப்பானவ. நீங்கள் ஆருக்குப் போய் அறிவிக்கப் போறீங்கள்?"

அன்று முழுக்க அது என்னைக் குடைந்தது. கவனித்துப் பார்த்தால் வீட்டிலும் நான் அப்படித்தான். மாமி, இன்றைக்கு என்ன கறி வைப்பம்? மாமி, பிள்ளைக்குத் தலை முழுக வார்க்கவோ? இவரிடம், மழை வரும்போல கிடக்கு, உடுப்பை எடுக்கவோ? தர்சி ஒரு வைத்தியம் சொன்னாள். ஒருநாள் முழுக்க யாரிடமும் எதையும் கேட்காமல் இருக்க வேண்டும். நான் அடுத்த நாள் யாரையும் கேட்காமல் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். மாமி பின்பக்கமாக முருங்கைக்காய் வெட்டிக் குழம்பு வைத்து இறக்கியிருந்தார். மதியம் இரண்டு சட்டியையும் பார்த்துவிட்டு, "இண்டைக்கு எங்கடை வீட்டிலை ஆருக்குக் கலியாணம்?" என்று இவர் கேட்டார்.

ஆனாலும் விடவில்லை. வினாத்தாள் வினாத்தாளாகச் செய்தோம். 'அறிவிப்பேன்' என்ற விடையைக் கண்டாலே கை கூசுகிற அளவுக்குப் பழகிக்கொண்டேன்.

அதுவே பரீட்சை மண்டபத்தில் எனக்கு வினையாக வந்தது. ஒரு கேள்வி: நோயாளிக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையின் அளவு குறிப்பில் எழுதியிருப்பதோடு ஒத்துவரவில்லை, என்ன செய்வீர்கள்? விடைகளில் ஒன்று, கொடுக்காமல் நிறுத்திப் பொறுப்பானவருக்கு அறிவிப்பது. சரியான விடை அதுதான் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கோ அதைத் தொடவே பயமாக இருந்தது. போட்டேன், அழித்தேன். இன்னொன்றைப் போட்டேன், அதையும் அழித்தேன். தாள் மெலிந்துவிட்டது. கடைசியில் கிரேஸ் சிஸ்டர் திரைக்குப் பின்னால் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். அவராக இருந்தாலும் டொக்டரைக் கேட்டுத்தான் கொடுப்பார். அறிவிப்பேன் என்று போட்டேன். சொல்ல வேண்டிய இடமும் ஒன்று இருக்கிறது, செய்ய வேண்டிய இடமும் ஒன்று இருக்கிறது, இரண்டையும் பிரித்தறிவதைத்தான் இவர்கள் சோதிக்கிறார்கள் என்று அந்த மண்டபத்தில்தான் எனக்கு விளங்கியது. விளங்கியபோது மணி அடித்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் பாதி வெறுமை.

ஆனாலும் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மா என் விபரங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கன காலம் உதவியாளரா வேலை செய்திருக்கிறீங்கள். சரி. நாளைக்கு நீங்கள் தாதி எண்டு வைப்பம். உங்களுக்குக் கை நிறைய வேலை. ஒரு உதவியாளர் வந்து, அந்தக் கட்டில் ஆளைப் பாக்க ஒரு மாதிரிக் கிடக்கு எண்டுறா. என்ன செய்வீங்கள்?"

படித்த எந்தத் தாளிலும் இந்தக் கேள்வி இருக்கவில்லை.

"எழும்பிப் போவன்" என்றேன்.

"அவ சொல்லுறது சின்ன விஷயமா இருந்தால்?"

"அவை எங்களட்டை வந்து சொல்ல முன்னம், சொல்லலாமோ விடலாமோ எண்டு தங்களுக்குள்ளை கனக்க யோசிச்சிட்டுத்தான் வருவினம், மிஸ். சொல்லிப்போட்டு அங்கை போய்த் தனிய நிப்பினம். அதாலை போகவேணும்."

அவர் ஏதோ எழுதினார். வலப்பக்கத்தில் இருந்தவர் லேசாகச் சிரித்தார். வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் அந்தச் சிரிப்பு மதிப்பா, பரிதாபமா என்று யோசித்துக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இறங்கினேன்.

முடிவு வந்தது. தர்சி எடுபட்டாள். நான் காத்திருப்போர் பட்டியலில் முதலாவது ஆள். பாடசாலை தொடங்குகிற திங்கட்கிழமை யாராவது ஒரு பிள்ளை வராமல் விட்டால் அந்த இடம் எனக்கு. எல்லோரும் வந்துவிட்டால் இல்லை.

காரணம் அந்த வெறும் பாதிப் பக்கம்தான் என்று எனக்குத் தெரியும். தர்சி சந்தோசப்படவும் முடியாமல் அழவும் முடியாமல் என் குசினி வாசலில் நின்றாள். பிறகு தன் வழக்கப்படி பகிடிக்கு வந்தாள்.

"யோசியாதேங்கோ அக்கா. எடுபட்டதிலை ஆரையாவது பிடிச்சு நான் கலியாணம் கட்டிவைச்சு அனுப்பிவிடுறன்."

அவள் கட்டிவைக்கத் தேவைப்படவில்லை. அறிமுகக் கூட்டத்துக்குப் போய் வந்தவள் செய்தி கொண்டுவந்தாள். கொடிகாமத்துப் பிள்ளை ஒன்று, நிலானி என்று பெயர், எடுபட்டிருக்கிறதாம். கனடா மாப்பிள்ளைக்கு நிச்சயமாகிவிட்டதாம். தகப்பன் படிக்க விடமாட்டன் என்று நிற்கிறாராம்.

அன்று பின்னேரம் நான் எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு முன்னால் நின்று, முகம் தெரியாத அந்தப் பிள்ளைக்குக் கெதியாக விசா கிடைக்க வேண்டும் என்று கும்பிட்டேன். அவளுக்கு நல்லதைத்தானே கேட்கிறேன் என்று எனக்கே நியாயம் சொன்னேன். வீட்டுக்கு வந்து, விடுதியில் காலில் போட்டிருந்து பெட்டிக்குள் வைத்த என்னுடைய பழைய வெள்ளைச் சப்பாத்தை எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்தேன். மாமி கண்டும் காணாததுபோல் போனார்.

சப்பாத்துக் காய்ந்து முடிய முன்னம் தர்சி தொலைபேசியில் வந்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அக்கா, அந்த நிலானி அழுகிறா. அவவுக்குப் போக விருப்பமில்லை. படிக்கவேணுமாம். என்ன செய்யிறதெண்டு தெரியேல்லையாம். கன காலம் வேலை செய்த ஒரு அக்கா இருக்கிறா எண்டு நான் ஒருநாள் உங்களைப் பற்றிச் சொன்னனான். உங்களோடை கதைக்கவேணும் எண்டு நிக்கிறா."

"நான் ஆரெண்டு அவவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. நான் சொல்லேல்லை." அடுத்த மூச்சில் கேட்டாள்: "நம்பர் குடுக்காமல் விடவோ அக்கா? நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறதை நான் செய்யிறன்."

தர்சியும் சொல்லிவிட்டு நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

தோட்டத்துக்குப் போய் இவரிடம் சொன்னேன். வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நீ கதைக்காட்டில் என்ன நடக்கும்?"

"தகப்பன் சொல்லுறபடி நடக்கும். எனக்கு இடம் கிடைக்கும்."

"கதைச்சால்?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கதைக்கத்தான் போறாய்" என்றார். "எனக்குக் கவலைதான். அந்தச் சப்பாத்தைக் கண்டனான்."

நிலானியின் குரல் மிகச் சின்னதாக இருந்தது.

"அக்கா, அப்பா சொல்லுறார், போகப்போறவளுக்கு ஏன் ஒரு இடம், நீ விட்டால் வேறை ஒரு பிள்ளையெண்டாலும் படிக்குமெல்லோ எண்டு. அதுவும் ஞாயம்தானே அக்கா?"

அந்த வேறு பிள்ளை குசினிச் சுவரில் சாய்ந்துகொண்டு தொலைபேசியைக் காதில் வைத்திருந்தது. 'ஓம், ஞாயம்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்கூட இல்லை.

"நீர் என்ன நினைக்கிறீர்?" என்று கேட்டேன். அந்த 'நீர்' எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"எனக்கு வேலை பழகவேணும் அக்கா. விசா எப்ப வருமோ, ஆருக்குத் தெரியும்? அதுமட்டும் வீட்டிலை குந்திக்கொண்டிருந்து, போய் அங்கையும் குந்திக்கொண்டிருக்கிறதோ? என்ரை சித்தி ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை நான்தான் பக்கத்திலை நிண்டனான். ஒண்டும் செய்யத் தெரியாமல் நிண்டனான்."

நான் சுவரிலிருந்து நிமிர்ந்தேன்.

"திங்கட்கிழமை வாரும்" என்றேன். "அப்பா எங்கை நிக்கிறார்? போனைக் கொண்டுபோய்க் குடும்."

அவர் கொடிகாமம் சந்தையில் தேங்காய் வியாபாரம் செய்கிறவர். பின்னால் தேங்காய் கொட்டுகிற சத்தமும் யாரோ விலை கூவுகிற சத்தமும் கேட்டன.

"தங்கச்சி, நீங்கள் ஆர்?"

"நான் ஆஸ்பத்திரியிலை வேலை செய்தனான் அண்ணை. இப்ப நிண்டிட்டன்."

"அதுதான் பாருங்கோ. நீங்களும் படிச்சு வேலை செய்து போட்டுப் பிள்ளை குட்டியெண்டு நிண்டிட்டியள். அவளும் நாளைக்கு நிக்கப்போறாள்தானே. உந்தப் படிப்புக் கனடாவிலை எடுபடுமோ?"

"எடுபடுமோ எனக்குத் தெரியாது அண்ணை. ஆனால் ஒரு ஆளுக்கு வருத்தம் வரேக்கை என்ன செய்யிறதெண்டு தெரிஞ்ச கை, எங்கை போனாலும் அவவோடை போகும். நான் அது தெரியாமல் நிண்டனான். அதாலை சொல்லுறன்."

தேங்காய் கொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"பாப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாமிக்கு விஷயம் தெரிந்தபோது, "உனக்கென்ன விசரோ?" என்றார். அந்தக் கேள்வியை அவருக்கு முன்பே நான் என்னிடம் கேட்டுவிட்டேன். தகப்பன் 'பாப்பம்' என்றதில் எனக்கு இன்னும் ஒரு நூலிழை இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

திங்கட்கிழமை காலை உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியைக் கிணற்றுக் கட்டில் கண்ணுக்கு முன்னால் வைத்திருந்தேன். தர்சி ஒரு வரி அனுப்பினாள்.

"வந்திட்டா அக்கா."

சவர்க்காரக் கையோடு அப்படியே நின்றேன். செய்வதற்கு ஒன்றுமில்லை. நின்றேன். பிறகு கையைத் துடைத்துவிட்டு, அவளுடைய தலைமயிரைப் பின்னால் இறுக்கிக் கட்டச் சொல்லு, நோயாளியின் முகத்தில் விழக்கூடாது என்று எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் எழுதினேன். தண்ணீர்ச் சூட்டை உள்ளங்கையால் பார்க்க வேண்டாம், முழங்கையால் பார்க்கச் சொல்லு.

தர்சி மறுபடி ஒரு படம் அனுப்பினாள். இருவரும் சீருடையில் நின்றார்கள். நிலானி நான் நினைத்ததைவிடக் குட்டை. சீருடை அவளுக்குக் கொஞ்சம் பெரிது. தோளில் இறங்கி நின்றது. எனக்கு அது அளவாக இருந்திருக்கும்.

நான் செய்தது சரியா என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது. ஒருநாள் சரி என்று படும். மறுநாள் மாமி கேட்ட கேள்விதான் காதில் கேட்கும். கிரேஸ் சிஸ்டரைக் கேட்கலாம் என்று நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டேன். இது ஒன்றாவது யாரையும் கேட்காமல் செய்ததாகவே இருக்கட்டும்.

மலர்க் குழுவினருக்கு: என் கட்டுரையை ஓய்வுபெற்றோர் பகுதியிலேயே போடலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. யோசேப்பு ஐயாவின் விஷயம் நீளமாகிவிட்டது என்றால் வேறு எதையாவது குறைத்துவிட்டு அதை அப்படியே விடுங்கள்.

இன்னும் எழுத இருக்கிறது. ஆனால் ஆதிரை வந்து கைகளைக் கட்டிக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். தர்சி இப்போது வருவதில்லை அல்லவா, அதனால் என்னிடம் சொல்கிறாள்.

"சிஸ்டர், பொம்மைக்கு வேர்க்குது."

இதை இவ்வளவில் நிறுத்துகிறேன். அவள் சொல்லிவிட்டு நிற்கிறாள். நான் எழும்பிப் போகவேண்டும்.